உப்பளத் தெருவின் மழைக்கடன்

நாற்பத்தோரு லட்சத்து எழுபத்தாறாயிரத்து முந்நூறு ரூபாய். எங்கள் உப்பளத் தெரு நகரத்துக்குக் கட்ட வேண்டியிருந்த மழைக்கடன் அவ்வளவு. தெருமுனைக் கம்பத்தில் தொங்கும் பலகையில் அந்தத் தொகை சிவப்பாக எரிந்துகொண்டிருக்கும். வேலைக்குப் போகும்போதும் அதைப் பார்த்துக்கொண்டுதான் போக வேண்டும், வரும்போதும் அப்படித்தான். வெயில் காலத்தில் சும்மா இருக்கும். மழை பெய்தால் ஏறும்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது, சொல்லிவிடுகிறேன். பெரிய வெள்ளத்தில் பாதி நகரம் போன பிறகு ஒரு சட்டம் வந்தது. எந்தத் தெருவில் மழை விழுகிறதோ அந்தத் தெரு மண்தான் அதைக் குடிக்க வேண்டும். அடுத்த தெருவுக்குத் தள்ளக் கூடாது. அதற்காக எல்லாத் தெருவுக்கும் அடியில் சல்லடைக் குழாய் புதைத்தார்கள். உடம்பெல்லாம் ஓட்டை போட்ட குழாய். அதைச் சுற்றி வெள்ளைத் துணி, துணியைச் சுற்றி ஜல்லி. மேலே விழும் மழை குழாய்க்குள் போய், ஓட்டை வழியாகக் கசிந்து, ஜல்லியில் இறங்கி, மண்ணுக்குள் போய்விடும். குழாயின் தலையில் ஒரு மீட்டர், வாலில் ஒரு மீட்டர். தலையில் புகுந்து வாலில் வராத தண்ணீர் தெரு குடித்த தண்ணீர். வாலில் வெளியே வந்தது கடன்.

எங்கள் தெரு குடிக்காது. தலையில் போனது அப்படியே வாலில் வந்துவிடும். களிமண் என்றார்கள் அதிகாரிகள். நாங்களும் நம்பினோம். பெண் கேட்டு வருகிறவர்கள் காப்பி டம்ளரைக் கையில் எடுப்பதற்கு முன்பே "உங்க தெரு குடிக்குமா?" என்று கேட்பார்கள். இல்லை என்றால் டம்ளர் அப்படியே கீழே இறங்கும். மேகம் கறுத்தால் மற்ற தெருக்காரர்கள் துணி எடுக்க மாடிக்கு ஓடுவார்கள். நாங்கள் அண்டா, பக்கெட், குக்கர் என்று கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடுவோம். பாத்திரத்தில் ஏந்திய தண்ணீர் குழாய்க்குள் போகாது, கணக்கில் ஏறாது.

இப்படிப் பதினோரு வருஷம் ஓடியது. இந்தப் புரட்டாசியில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஐப்பசி பத்துக்குள் கடன் தீராவிட்டால் தெரு மூடப்படும். அறுபத்திரண்டு வீட்டுக்காரர்களும் நாற்பது கிலோமீட்டர் தள்ளிக் கட்டிவைத்திருக்கும் அடுக்கு வீடுகளுக்குப் போக வேண்டும். அங்கே போனவர்களை எனக்குத் தெரியும். நாலு மணிக்கு எழுந்து மூன்று பஸ் மாறி வேலைக்கு வந்துகொண்டிருந்தார்கள். அப்புறம் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

நான் பள்ளம் தோண்டுகிறவள். ஐம்பத்தெட்டு வயது. முட்டி தேய்ந்துபோனாலும் கூலி தேயாமல் இருக்க வேண்டும் என்று ஓடிக்கொண்டிருக்கிறவள். நோட்டீஸ் ஒட்டிய மூன்றாம் நாள், ஊரின் மறுகோடியில் ஒரு புதுத் தெருவுக்குக் குழாய் போடும் வேலையில் இருந்தேன். பல வருஷத்துக்குப் பிறகு கிடைத்த குழாய் வேலை. மதியம் சோற்று டப்பாவைத் திறந்துகொண்டு, லாரியில் வந்திறங்கிய குழாய்க் குவியலின் நிழலில் உட்கார்ந்தேன். வெள்ளைத் துணி சுற்றிய குழாய்கள். துணிக்கு மேலே நீல பாலிதீன் உறை. உறையில் ஏதோ அச்சடித்திருந்தது.

எனக்கு எழுத்து நாற்பத்தொன்பது வயதில் வந்தது. குழியில் இறங்குகிறவர்களுக்கு எச்சரிக்கைப் பலகை படிக்கத் தெரிய வேண்டும் என்று விதி வந்ததால், வேலை போய்விடுமே என்று மாலை வகுப்புக்குப் போனேன். இன்றைக்கும் விரலை வைத்துத்தான் படிப்பேன். சோற்றுக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு விரலை வைத்தேன்.

'நீல உறை பயணப் பாதுகாப்புக்கு மட்டுமே. புதைக்கும் முன் நீக்கவும். நீக்காவிட்டால் குழாயிலிருந்து நீர் கசியாது.'

இரண்டு தரம் படித்தேன். மூன்றாம் தரம் படிக்க முடியவில்லை. எழுத்து ஆடியது.

உப்பளத் தெருவின் குழாயைப் புதைத்தது நாங்கள்தான். அப்போது அது தெருவாக இல்லை. வெறும் பொட்டல். வீடு கட்டும் முன்பே குழாய் போட்டோம். பிறகு அந்த வீடுகளில் ஒன்று குலுக்கலில் எனக்கே விழுந்தது.

எட்டுப் பேர் கூட்டு. எங்கள் தொழிலில் அன்றைக்குக் கடப்பாரையைத் தொட்டவர் எல்லாரும் கூட்டு. கூலி வந்தாலும் சம பங்கு, பிடித்தம் வந்தாலும் சம பங்கு. முதலில் ஏரிக்கரை நகரில் இரண்டு தெரு போட்டோம். அது கார்த்திகை மாதம், எல்லார் குடிசையும் ஒழுகியது. நீல உறை நல்ல தடிமன். கூட்டுக்காரர்கள் உரித்துக் கொண்டுபோய்க் கூரைமேல் போட்டுக்கொண்டார்கள். நான் எடுக்கவில்லை. மேஸ்திரி வரதன் கண்டுபிடித்துவிட்டார். "திருட்டுப் பசங்களா, கம்பெனி சாமானை உரிக்கிறீங்களா" என்று எட்டுப் பேருக்கும் மூன்று நாள் கூலியைப் பிடித்தார். எடுக்காத எனக்கும் சேர்த்து. அடுத்த வேலை இந்தப் பொட்டல். "ஒரு நூல் பிரியாம அப்படியே எறக்கணும்" என்றார். அவருக்கும் படிக்கத் தெரியாது. கூட்டுக்காரர்கள் மறுபடியும் உறையில் கை வைத்தபோது, மண்வெட்டியை நீட்டிக்கொண்டு குறுக்கே நின்றவள் நான். "கை வெச்சா வெட்டிப்புடுவேன். நான் உழைச்ச காசு, நீ எடுத்ததுக்குப் போவணுமா?" முப்பது குழாயும் உறையோடு இறங்கின. நின்று பார்த்து இறக்கினேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது பலகையை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் கூலியை விட்டுவிட்டு மழைக்கணக்கு அலுவலகத்துக்குப் போனேன். எங்கள் பகுதிக்கு உதவிப் பொறியாளர் ரெஹானா. முப்பது வயதிருக்கும். போன மழைக்குத்தான் மாற்றலாகி வந்தவர். நான் சொல்லி முடிக்கும்வரை பேனாவைக் கீழே வைக்காமல் கேட்டார். பிறகு வைத்தார்.

"சத்தமாச் சொல்லாதீங்கம்மா. முதல்ல கதவைச் சாத்துங்க."

சாத்தினேன்.

"நீங்க சொல்றது நெஜம்னா ஒங்க தெருவுல தப்பே இல்ல. குழாய்க்கு வாயைக் கட்டிட்டு, குடிக்கலன்னு பதினோரு வருஷமா அபராதம் போட்டிருக்கோம். அந்தத் தண்ணி எங்க போச்சு தெரியுமா? ஒங்க வால்ல இருந்து நேரா ஏரிக்கரை நகருக்கு. அவங்க குழாய் குடிக்குது. அளவுக்கு மேல குடிச்சதுக்கு அவங்களுக்கு வருஷா வருஷம் பணம் குடுக்கறோம்."

"எங்க கடனு அவங்க வரவா?"

"ஆமா."

"அந்தக் கொழாயும் நாங்க போட்டதுதான் மேடம்."

அவர் சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார். "இப்ப விதியைச் சொல்றேன். தப்பாப் பதிச்சதாலதான் குடிக்கலன்னு நிரூபணம் ஆச்சுன்னா கடன் தெருவை விட்டு எறங்கும். ஆனா காத்துல போயிடாது. பதிச்சவங்க தலையில ஏறும்."

"காண்ட்ராக்டரு தலையிலயா?"

"அந்தக் கம்பெனியைக் கலைச்சிட்டாங்க. கம்பெனி இல்லன்னா, கை வெச்சவங்க."

"இது நாயமா?"

"இல்ல. விதி."

"சரி, நிரூபணம்னா? நான் சொன்னாப் பத்தாதா?"

"மனுஷ சாட்சியைக் கணக்கு மிஷின் எடுத்துக்காது. வால் மீட்டர் சொல்லணும். மழை பெய்யறப்ப வால்ல தண்ணி வரக் கூடாது."

"அப்ப தோண்டி உறையை எடுக்கணும்."

"யாரு தோண்டுவா? நான் மேல எழுதினா அனுமதி வர நாலு மாசம். அனுமதி இல்லாமத் தோண்டினா கேஸ். ஒரே ஒரு வழி இருக்கு. பதிச்சவங்க தானே பழுது பாக்கலாம். ஏழாம் படிவம். அதுக்கு அனுமதி வேணாம். ஆனா அதுல பேர் எழுதிட்டீங்கன்னா…" அவர் கால்குலேட்டரைத் தட்டினார். "ஒங்க கூலியில நாளைக்கு முந்நூறு பிடிப்பாங்க. லீவே போடாம வேலைக்குப் போனா முப்பத்தெட்டு வருஷம்."

"தொண்ணூத்தாறு வயசு வரைக்கும் வேலை நிச்சயம்னு சொல்றீங்க."

"வெளையாடாதீங்கம்மா. போய் யோசிச்சிட்டு வாங்க."

"யோசிச்சிட்டுத்தான் வந்தேன். படிவத்தைக் குடுங்க."

எழுதி முடிக்க முக்கால் மணி ஆனது. 'இந்தக் குழாயைப் பதித்தவர்கள்' என்று ஒரு கட்டம். அதில் பூங்காவனம் என்று எழுதினேன். ஒரு பெயர்தான். எட்டுப் பேரில் ஐந்து பேர் செத்துப்போனார்கள், ஒருத்தன் எங்கே என்று தெரியாது. மிச்சம் எங்கள் தெருவிலேயே நாலாவது வீட்டில் இருக்கும் ஏழுமலை. அறுபத்துமூன்று வயது, இருமல்காரர். அவரை எதற்கு இழுப்பது என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் தெருவில் சொன்னேன். வீடு வீடாகப் போய்ச் சொல்லத் தெம்பில்லை, பலகைக் கம்பத்தடியில் நின்று எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னேன். கஸ்தூரிதான் முதலில் வந்தாள். தெருச் சங்கத்துக்குச் செயலாளர். மாதா மாதம் மழைக்கடன் வட்டிக்கு ஐந்நூறு ரூபாய் வசூலிக்கிறவள். அவள் மகளுக்கு மூன்று வரன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

"பதினோரு வருஷமா எங்கிட்ட ஐந்நூறு ஐந்நூறா எண்ணிக் குடுத்தியே அக்கா. அப்பல்லாம் வாயில இன்னா வெச்சிருந்த?"

"எனக்குத் தெரியாதுடி கஸ்தூரி."

"தெரியாமத்தான் மண்வெட்டியோட குறுக்க நின்னியா? திருடறவனை வுட்டிருந்தா நாங்க பொழச்சிருப்போம். ஒன் நாணயம் எங்களைத் தெருவுல நிறுத்திருச்சி."

"நாளைக்குக் காலையில தோண்டறேன்" என்று மட்டும் சொன்னேன்.

"தோண்டு. நூத்தி எம்பது மீட்டரு. ஒன் வயசுக்கு அடுத்த ஐப்பசிக்கு முடியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

காலை ஆறு மணிக்கு நான் முதல் கடப்பாரை போட்டபோது பின்னாலிருந்து இருமல் கேட்டது. ஏழுமலை தலையில் முண்டாசோடு நின்றிருந்தார்.

"படிவத்துல என் பேரு இல்லையாமே. நான் இன்னா செத்துட்டனா?"

"நீ இருமிக்கினு கெட அண்ணே. ஒனக்கு எதுக்கு முப்பத்தெட்டு வருஷம்?"

"ரெண்டு பேருன்னா பத்தொம்பதுதான்மே. கணக்குத் தெரியாதவ." அவர் குழிக்குள் ஒரு காலை வைத்தார். "அன்னிக்கு உறையில மொதல்ல கை வெச்சது நானு. நீ வெட்டறேன்னதும் வுட்டுட்டேன். ஒரு அடி வாங்கிக்கினு உரிச்சிருந்தா இந்தக் கதியில்ல. எழுது என் பேரை."

அதற்குள் ரெஹானாவும் வந்துவிட்டார். தோண்டும் இடத்தில் அவர் இருந்து பெயர் குறிக்க வேண்டும் என்பது விதியாம். ஏழுமலை பெயரை எழுதிக்கொண்டு, வாசலில் நின்று வேடிக்கை பார்த்தவர்களிடம் சத்தமாகச் சொன்னார். "கடப்பாரையைத் தொடறவங்க எல்லாரும் பதிச்சவங்க கணக்கு. தொட்டா பேர் எழுதுவேன். பேர் எழுதினா கடன்ல பங்கு வரும். தெரிஞ்சுக்கிட்டுத் தொடுங்க."

உதவலாம் என்று லுங்கியை மடித்துக் கட்டியிருந்த இரண்டு பேர் மடிப்பை அவிழ்த்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

முதல் நாள் ஒன்பதடி நீளத்துக்கு மேல்மண் எடுத்தோம். இரண்டாம் நாள் எட்டடி. மூன்றாம் நாள் ஏழுமலைக்கு மூச்சு வாங்கியது. உட்கார்ந்தபடியே மண்ணைக் கூடையில் அள்ளித் தந்தார். அன்று பதினொரு மணிக்கு ஐந்தடி ஆழத்தில் ஜல்லி தட்டியது. ஜல்லியைக் கையால் விலக்கினேன். நீல உறை. நேற்று லாரியில் வந்ததுபோல் இருந்தது, மடிப்புக்கூடக் கலையவில்லை.

கத்தியால் நீளவாக்கில் கீறினேன். உள்ளே வெள்ளைத் துணி கறுத்து ஊறிப் போயிருந்தது. உறைக்கு வெளியே, ஜல்லிக்கு அந்தப்பக்கம் இருந்த மண்ணை ஒரு கை அள்ளினேன். விரல் இடுக்கில் ஒழுகியது. காய்ந்த மண். மணல். மேலே தெருவுக்குக் கொட்டிய மண்ணுக்கு அடியில் இதுதான் இருந்தது, அன்றைக்கு வெட்டிய நானே மறந்துபோயிருந்தேன்.

எப்போது வந்தாள் என்று தெரியாது, கஸ்தூரி குழியின் விளிம்பில் குனிந்து நின்றிருந்தாள்.

"இன்னா அது கையில?"

"எறங்கி வந்து பாரு."

இறங்கினாள். அவளும் ஒரு கை அள்ளினாள். மேலே பார்த்து, "மேடம், இது களிமண்ணா?" என்று கேட்டாள்.

ரெஹானா குனிந்து, அவள் கையிலிருந்த மண்ணை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"பதினோரு வருஷ மழை இதுக்குப் பக்கத்துல ஓடியிருக்கு. ஒரு சொட்டு படல. மணலைக் களின்னு சொன்னது எவன்? ஒருத்தன்கூட ஒரு கடப்பாரை போட்டுப் பாக்கல, இல்ல?" அவள் சேலையை வரிந்து கட்டினாள். "அந்தக் கடப்பாரையைக் குடுக்கா."

"பேர் எழுதுவாங்கடி."

"எழுதட்டும். இப்ப மட்டும் கடனு யாரு மேல இருக்குது? பலகையில தொங்கற கடனுக்கு என் வூட்டைக் குடுக்கறதுக்குப் பதிலா, என் தலையில ஏறின கடனோட என் வூட்டுலயே இருக்கேன். மேடம், கஸ்தூரி. எழுதிக்கங்க. ஆனா அக்கா, ஒன்மேல கோவம் இன்னும் தீரல. வேலை முடிஞ்சதும் மிச்சத்தைத் திட்டறேன்."

"திட்டு. இப்ப அந்தப் பக்கம் வெட்டு. கையை அகட்டிப் பிடிக்காதடி, தோளு எறங்கிரும்."

கஸ்தூரி இறங்கிய பிறகு அவள் வீட்டுக்காரர் இறங்காமல் இருக்க முடியுமா? அவர் இறங்கியதும் எதிர்வீட்டுத் தச்சர் இறங்கினார். சாயங்காலத்துக்குள் இருபத்தாறு பெயர். கடப்பாரை பத்தவில்லை. நான் வேலை செய்யும் இடங்களில் பத்துக் கடப்பாரை கடன் வாங்கி வந்தேன். ஏழுமலை குழி ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேஸ்திரி வேலை பார்த்தார். "ஏய், கொழாயைக் குத்தாத. கயிறைப் போட்டுத் தூக்கு. தூக்கிப் பிடி, உறையை அடியில இருந்து உருவு. துணி கிழிஞ்சா ஒன் வேட்டியைக் கிழிச்சிச் சுத்துவேன்." ஐடி கம்பெனியில் இரவு வாட்ச்மேன் வேலை பார்க்கிறவர்கள், இட்லி விற்கிற பெண்கள், ஆட்டோக்காரர்கள், ஒரு வக்கீல் குமாஸ்தா. அவரவர் வேலைக்குப் போய்வந்து இரண்டு மணி நேரமாவது கை வைத்தார்கள். உறையை உருவி, துணியை அலசி, ஜல்லியைக் கழுவி, குழாயை மட்டம் பார்த்து மறுபடியும் பதித்தோம். பிறகு மண் தள்ளி மூடினோம்.

பதினோராம் நாள் மதியம் கடைசிக் குழாய். ரெஹானா பட்டியலை எண்ணிக்கொண்டிருந்தார். மேலிருந்து கீழே, மறுபடியும் கீழிருந்து மேலே.

"நூத்தி முப்பத்துநாலு பேர்" என்றார். "இன்னும் ஆறு பேர் வேணும்."

"எதுக்கு மேடம்? இன்னும் ரெண்டு மணி நேரத்துல மூடிருவோம்" என்றேன்.

"ஆள் பத்தாதும்மா."

"பத்தும். நூத்தி முப்பது பேரு கையைக் கட்டிக்கினு நிக்கிறாங்க, பாருங்க."

"பத்தாதுன்னு சொல்றேன்ல. ஆறு பேர். கொஞ்ச நேரம் மண்ணு தள்ளினாக்கூடப் போதும். ஆனா நெஜமாத் தள்ளணும், நான் பாக்கணும்." அவர் என் முகத்தைப் பார்க்காமல் பட்டியலையே பார்த்துக்கொண்டு பேசினார்.

எனக்குப் புரியவில்லை. ஆனால் பத்து நாளாக அந்தப் பெண் எங்களோடு வெயிலில் நின்றிருக்கிறார். காரணம் இல்லாமல் கேட்க மாட்டார்.

"கஸ்தூரி, யாரெல்லாம் மிச்சம்?"

"கை வெக்க முடியாதவங்கதான் மிச்சம்."

முடியாதவர்கள் வந்தார்கள். எட்டு மாதக் கர்ப்பிணி லூர்துமேரி ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மண் தள்ளினாள். டீக்கடை அபூபக்கர் பாயும் அவர் மனைவியும் பாலை அடுப்பிலிருந்து இறக்கிவைத்துவிட்டு வந்தார்கள். கண் தெரியாமல் போன பழைய முடிதிருத்துபவர் சடையாண்டியைக் கைப்பிடித்து நிறுத்தினோம். "எந்தப் பக்கம்யா பள்ளம்? என்னையே பொதச்சிராதீங்க" என்றார். தெருவில் யாரோடும் பேசாத ஓய்வுபெற்ற கண்டக்டர் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு இறங்கினார். ஐந்து பேர் ஆயிற்று. ஆறாவதாகப் பக்கவாதத்தில் படுத்திருந்த தெய்வானையை அவள் மருமகனே சக்கர நாற்காலியில் தள்ளிவந்தான். நல்ல கையில் ஒரு தேங்காய் ஓடு கொடுத்தோம். ஓடு ஓடாக ஏழு ஓடு மண் போட்டாள். போதும் என்றால் முறைத்தாள்.

"நூத்தி நாப்பது" என்று ரெஹானா பட்டியலை மூடினார். அவர் தோள் இறங்கி மூச்சு வந்ததைப் பார்த்தேன்.

ஐப்பசி ஏழாம் தேதி மத்தியானம் மழை பிடித்தது. வழக்கப்படி எல்லாரும் அண்டாவும் பக்கெட்டுமாக ஓடிவந்தார்கள். ரெஹானா நனைந்துகொண்டே கத்தினார். "யாரும் ஏந்தாதீங்க! எல்லாத் தண்ணியும் உள்ள போவட்டும்!" பாத்திரங்களைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, தெருக் கோடியில் இருக்கும் வால் தொட்டியைச் சுற்றி நின்றோம். மூடியைத் திறந்து வைத்திருந்தோம். தொட்டிக்குள் குழாயின் வாய் தெரிந்தது. வாயில் மீட்டர்.

கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு பழுப்பாகத் தண்ணீர் வந்தது. முதலில் விரல் தடிமன். பிறகு கை தடிமன்.

"போச்சி" என்றது யாரோ.

ஏழுமலை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கஸ்தூரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நான் குழாய் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். முப்பது குழாயையும் நானே மட்டம் பார்த்தேன். துணியை நானே தடவிப் பார்த்தேன். தப்பு எங்கே வரும்?

"நில்லுங்க" என்றேன். "அலசின மண்ணு வருது. உள்ள கெடந்த சேறு. அது போவட்டும்."

மழை இன்னும் வலுத்தது. தண்ணீர் கொஞ்சம் தெளிந்தது. கை தடிமன் விரல் தடிமனானது. விரல் நூலானது. நூல் அறுந்து சொட்டாக விழுந்தது. பிறகு சொட்டும் இல்லை. தலைக்கு மேலே வானம் கொட்டிக்கொண்டிருந்தது, தலை மீட்டர் சரசரவென்று ஓடிக்கொண்டிருந்தது, வாலில் குழாய் வாய் சும்மா திறந்து கிடந்தது. ஒரு மணி நேரம் பெய்த மழை முழுவதும் எங்கள் காலுக்குக் கீழே போய்விட்டது.

லூர்துமேரி தொட்டிக்குள் குனிந்து, "குடிக்குது" என்றாள். குழந்தை பால் குடிப்பதைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

மறுநாள் காலையில் பலகை அணைந்திருந்தது. 'உப்பளத் தெரு: கடன் இல்லை' என்று ரெஹானாவின் அலுவலகத்திலிருந்து தாள் வந்தது. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவர் போனும் கூவியது. கஸ்தூரி தன் போனை என்னிடம் நீட்டினாள். "எனக்குப் படிக்க பயமா இருக்குது. நீ படி." விரலை வைத்துப் படித்தேன்.

'குழாய் பதித்தவர் என்ற முறையில் உங்கள் பங்கு ரூ. 29,830. வசூல் வரம்பான ரூ. 30,000-க்குக் குறைவு. தள்ளுபடி செய்யப்பட்டது.'

என் போனிலும் அதுதான். ஏழுமலை போனிலும் அதுதான். தெய்வானை போனிலும்.

நேராக ரெஹானாவிடம் போனேன். கஸ்தூரியும் ஏழுமலையும் கூட வந்தார்கள்.

"இது இன்னா மேடம்?"

"முப்பதாயிரத்துக்குக் கீழ இருந்தா நோட்டீசு, ஆளு, கோர்ட்டுன்னு வசூல் பண்ற செலவு அதைவிட ஜாஸ்தி ஆயிடும். அதனால மிஷினே தள்ளிவிட்டுடும். பழைய விதி. பெரிய பெரிய கட்டடக்காரங்களுக்காகப் போட்டது. அவங்க கடனைப் பிரிச்சிப் பிரிச்சிக் காட்டி இப்படித்தான் தப்பிப்பாங்க."

"நூத்தி முப்பத்தொம்பது பேருன்னா?" என்று ஏழுமலை கேட்டார்.

"முப்பதாயிரத்து நாப்பத்தஞ்சு. ஒருத்தர்கூடத் தப்பியிருக்க முடியாது."

"இது தெரிஞ்சேதான் ஆறு பேரு கேட்டீங்களா?"

"எனக்கு எதுவும் தெரியாதுங்கய்யா. ஆள் பத்தலன்னு நெனச்சேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "படிவத்துல 'இந்தக் குழாயைப் பதித்தவர்கள்'னுதான் இருக்கு. எந்த வருஷம்னு கேக்கல. நூத்தி நாப்பது பேர் பதிச்சதை என் கண்ணால பாத்தேன். பொய் எழுதல. ஆனா இனிமே கேக்கற மாதிரி படிவத்தை மாத்துவாங்க. ஏரிக்கரை நகர்ல இருந்து ஏற்கெனவே ரெண்டு புகார் வந்திருக்கு. அவங்க வருமானம் நின்னுபோச்சில்ல."

"அவங்க தெரு அவங்க மழையைக் குடிக்கட்டும்" என்றாள் கஸ்தூரி.

"இன்னொன்னு இருக்கு" என்று ரெஹானா திரையைத் திருப்பிக் காட்டினார். "நூத்தி நாப்பதால வகுத்ததுல பைசாவை மிஷின் விட்டுடுச்சி. மீதி நூறு ரூபா யாரு பேருக்கும் போகாம நிக்குது. யாராவது கட்டணும். கட்டினாத்தான் கணக்கு மூடும்."

"அந்த நூறையும் நூத்தி நாப்பதால வகுங்க" என்றார் ஏழுமலை.

"யோவ், சும்மா இரு" என்று கஸ்தூரி இடுப்பிலிருந்து பர்ஸை எடுத்தாள். "சங்கத்துக் காசுல கட்டறேன்."

நான் அவள் கையைத் தள்ளினேன்.

"மூணு நாளு கூலியைப் பிடிச்சாங்கன்னுதானே அன்னிக்குக் குறுக்க நின்னேன். இது என் காசு. நான் கட்டறேன்."

"அக்கா, நூறு ரூபாய்க்கு இன்னாத்துக்கு இவ்ளோ வீராப்பு?"

"நீ திட்ட வேண்டிய மிச்சம் இருக்குதுன்னியே. வெளிய வந்து திட்டு. வரேன்."

சேலை முடிச்சை அவிழ்த்து நூறு ரூபாய்த் தாளை எடுத்து மேசைமேல் வைத்தேன். ரெஹானா அதை வாங்கி, எண்ணுவதற்கு ஒன்றுமில்லாவிட்டாலும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, விசையைத் தட்டினார். திரையில் எங்கள் தெருப் பெயருக்கு எதிரே வரிசையாக எண்கள் வந்து நின்றன. கடைசி எண் பூஜ்யம்.

"முடிஞ்சுதும்மா. போலாம்."

"ரசீது குடுங்க."

"திரையிலயே இருக்கே."

"தாளுல குடுங்க. நான் படிச்சிப் பாக்கணும்."

அச்சடித்துக் கொடுத்தார். நின்ற இடத்திலேயே விரலை வைத்து, தேதி முதல் முத்திரை வரை ஒரு வரி விடாமல் படித்தேன். ஏழுமலை இருமிக்கொண்டு காத்திருந்தார். கஸ்தூரி வாசலில் நின்று, இன்னும் எத்தனை நேரம் என்று கேட்டாள். படித்து முடித்து, தாளை நாலாக மடித்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.